நகலை நம்பி மூலத்தைத் தொலைக்கலாமா?

ரெப்ளிகேஷனால் மூல சர்வருக்குத் துளியும் சுமை கிடையாது. எல்லாம் லாக்கில் இருப்பதால் நகலில் எதுவும் விடுபடாது. மூலத்தில் எழுதிய நொடியே நகலிலும் ஏறிவிடும். ஆகவே பேக்கப் என்பது பழைய காலத்துச் சடங்கு, அதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கலாம். தரவுத்தள நகலாக்கம் பற்றி எழுதியிருக்கும் கட்டுரையாளர் இந்த நான்கு வாதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் வெற்றிக்கொடியும் நட்டிருக்கிறார். முதல் மூன்றும் அரைகுறை. அவற்றின்மேல் நிற்கும் நான்காவது ஆபத்தானது. அரைகுறையைப் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நான்காவதை நம்பி ஒரு கூட்டுறவு சங்கமோ மருத்துவமனையோ பேக்கப்பை நிறுத்திவிட்டால், அதற்கான விலையைக் கொடுக்கப்போவது கட்டுரையாளர் இல்லை. அதனால்தான் இந்த எதிர்வினை.

ரெப்ளிகேஷன் எனப்படும் இந்த நகலாக்க மென்பொருள் என்னதான் செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கட்டுரையாளர் அந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். தாண்டாமல் நின்று பார்த்திருந்தால் மீதிக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டார்.

ஒரு மாற்றம் வந்தால் தரவுத்தளம் அதை நேரே அட்டவணையில் எழுதி முடித்துவிடுவதில்லை. என்ன மாறுகிறது என்பதை முதலில் ஒரு லாக்கில் வரிசையாக எழுதும். அது டிஸ்க்கில் ஏறியது உறுதியான பிறகுதான் வேலை முடிந்தது என்று பதில் சொல்லும். அட்டவணைக் கோப்பைப் பிறகு சாவகாசமாகத் திருத்திக்கொள்ளும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பழகிய முறை: நடந்ததை நடந்த வரிசையில் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அப்புறம் கணக்கு கணக்காகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். மின்சாரம் போய் சர்வர் விழுந்து எழுந்தால், இந்த லாக்கைப் பார்த்துத்தான் அட்டவணைகளைச் சரிசெய்துகொள்ளும். போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கு வால் என்று பெயர். ஆரக்கிளில் ரீடூ லாக். வங்கிகளிலும் ஆலைகளிலும் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஐபிஎம் மிட்ரேஞ்ச் கணினிகளில் ஜர்னல். மைஎஸ்க்யூஎல் மட்டும் தன் ரீடூ லாக் போக, நகலுக்கு உதவும் பின்லாக் என்ற இன்னொன்றையும் எழுதுகிறது.

ரெப்ளிகேஷன் மென்பொருள் பெரும்பாலும் இந்த லாக்கைத்தான் படிக்கிறது. தொடக்கத்தில் மூலத்தின் முழுப் படி ஒன்றை எடுக்கும். அந்தப் படி லாக்கின் எந்த இடத்தோடு பொருந்துகிறது என்பதைக் குறித்துக்கொள்ளும். பிறகு அந்த இடத்திலிருந்து வரும் மாற்றங்களைப் படித்து, வரிசை மாறாமல் நகலிலும் செய்துகொண்டே போகும். போஸ்ட்கிரெஸ்ஸில் முழு சர்வரையும் அப்படியே தொடரும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் 2010-இல் 9.0 பதிப்போடு வந்தது. வேண்டிய அட்டவணைகளை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பும் லாஜிகல் ரெப்ளிகேஷன் 2017-இல் 10-ஆம் பதிப்போடு வந்தது. நேர்த்தியான வேலை என்பதில் எனக்குச் சண்டையில்லை. இந்த நேர்த்தியை வைத்துக்கொண்டு கட்டுரையாளர் விற்கப் பார்க்கும் சரக்கின் மீதுதான் சண்டை.

முதல் வாதம், மூலத்துக்குச் சுமையில்லை என்பது. லாக் எப்படியும் எழுதப்படுகிறது, நாம் சும்மா ஓரமாக நின்று படிக்கிறோம் என்கிறார். எப்படியும் எழுதப்படும் லாக் நகலுக்குப் போதுமென்றால், ஆரக்கிளில் சப்ளிமென்டல் லாகிங் என்று ஒன்றை ஏன் இயக்கச் சொல்கிறார்கள்? ஆரக்கிளின் ரீடூ லாக் அட்டவணையின் ஒரு வரிசையை, அது டிஸ்க்கில் இருக்கும் முகவரியை வைத்து அடையாளம் காண்கிறது. வேறொரு சர்வரில் அந்த முகவரிக்குப் பொருளில்லை. அதனால், வரிசையை அடையாளம் காட்டும் பிரைமரி கீயை, அது மாறாவிட்டாலும் சேர்த்து எழுது என்று மூலத்துக்குக் கட்டளையிட வேண்டியிருக்கிறது. லாக் பெருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸிலும் லாஜிகல் ரெப்ளிகேஷனுக்காக லாக்கின் அளவுமட்டத்தை உயர்த்தித்தான் ஆக வேண்டும், அங்கேயும் எழுத்து கூடுகிறது. தொடக்கத்தில் எடுக்கும் முழுப் படிக்காக மூலத்தின் டிஸ்க்கை முனையிலிருந்து முனைவரை படிப்பது தனிக் கணக்கு.

இதெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு நகல் நின்றுபோகும்போது வருகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்று ஒன்று உண்டு. நகல் எதுவரை வாங்கிக்கொண்டது என்பதை மூலம் அதில் நினைவு வைத்துக்கொள்ளும். நகல் இன்னும் வாங்காத லாக்கை அழிக்காமல் காத்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலை நகல் சர்வர் படுத்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை என்று வையுங்கள். சனி, ஞாயிறு முழுக்க மூலத்தில் லாக் குவியும். டிஸ்க் நிரம்பியதும் மூலமே நின்றுபோகும். இந்தக் குவியலுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அப்போதும் நாமாக வைக்காவிட்டால் வரம்பே இல்லை. வரம்பு வைத்தாலோ, அதைத் தாண்டும் நாளில் மூலம் பிழைக்கும், நகல் அறுந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓரமாக நின்று படிப்பதாகச் சொல்லப்பட்ட ஆசாமி, வீட்டுக்காரரின் கழுத்தில் கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் கையில் வைத்திருக்கிறார். சுமையே இல்லை என்று எழுதுவதற்கு ஒன்று துணிச்சல் வேண்டும், அல்லது இதை ஒருநாளாவது ஓட்டிப் பார்க்காத அனுபவம் வேண்டும்.

இரண்டாவது வாதம், எல்லாம் லாக்கில் இருக்கிறது என்பது. இல்லை. ஆரக்கிளில் நோலாகிங் என்ற வழி உண்டு. பெரிய அளவில் தரவை ஏற்றும்போது வேகத்துக்காக லாக் எழுதுவதைத் தவிர்ப்பார்கள். அப்படி ஏறிய தரவு நகலுக்குப் போகாது. இதைத் தடுக்கவே ஃபோர்ஸ் லாகிங் என்ற கட்டளையும் இருக்கிறது. ஓட்டை இல்லாத சுவருக்கு யாரும் அடைப்பு தயாரிப்பதில்லை. ஐபிஎம் மிட்ரேஞ்ச் கணினியில் எந்தக் கோப்புக்கு ஜர்னல் தொடங்கப்பட்டிருக்கிறதோ அதன் மாற்றம்தான் ஜர்னலில் விழும். புதிதாகச் செய்த கோப்புக்கு அதைத் தொடங்க மறந்தால், நகல் அந்தக் கோப்பின் மாற்றங்களைப் பற்றிக் கேள்விப்படவே போவதில்லை.

போஸ்ட்கிரெஸ்ஸின் லாஜிகல் ரெப்ளிகேஷன் அட்டவணையின் அமைப்பு மாற்றங்களை அனுப்பாது. மூலத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, நகலில் சேர்க்க மறந்தால், அந்த அட்டவணைக்கு அடுத்த மாற்றம் வந்ததும் நகல் பிழை சொல்லி நின்றுவிடும். இப்போது மேலே சொன்ன ஸ்லாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: நகல் நின்றால் மூலத்தில் லாக் குவியத் தொடங்கும். மைஎஸ்க்யூஎல் பல ஆண்டுகள் மாறிய வரிசைகளுக்குப் பதிலாக, மாற்றச் சொன்ன கட்டளையையே பின்லாக்கில் எழுதி நகலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வரிசைப்படுத்தாமல் முதல் 10 பேரை நீக்கு என்று ஒரு கட்டளை போனால், மூலம் ஒரு பத்துப் பேரையும் நகல் வேறொரு பத்துப் பேரையும் நீக்கக்கூடும். இரண்டு பக்கமும் வேலை வெற்றி என்றே பதில் சொல்லும். மாறிய வரிசைகளையே அனுப்பும் முறையை 5.7.7 பதிப்பில்தான் இயல்பு முறையாக ஆக்கினார்கள். விடுபடாது என்று கட்டுரையாளர் உத்தரவாதம் கொடுக்கும் இடத்தில், அதைச் செய்தவர்களே இத்தனை எச்சரிக்கைகளைக் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

போகிற போக்கில் அவர் ஒரு சிக்கன யோசனையும் தருகிறார். லாக் படிக்கும் மென்பொருள் வாங்கக் காசில்லாதவர்கள், கடைசியாக மாறிய நேரம் என்று ஒரு நெடுவரிசை வைத்து, சில நிமிடங்களுக்கொருமுறை புதிதாக மாறியவற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம். நீக்கப்பட்ட வரிசை எப்படி வரும்? அது அட்டவணையிலேயே இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மூலத்தில் கணக்கை மூடிவிட்டுப் போன வாடிக்கையாளர் நகலில் சாகாவரம் பெற்று வாழ்வார்.

இதைவிட நுட்பமான ஓட்டை ஒன்றும் உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் இப்போது மணி என்ன என்று வழக்கமான முறையில் கேட்டால், அப்போது நடக்கும் பரிவர்த்தனை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து முடியும் மாற்றங்களின் தொகுப்பு, தொடங்கிய நேரத்தைத்தான் சொல்லும். வரிசையில் மாறிய நேரமாகப் பதிவதும் அதுதான். 10.00 மணிக்குத் தொடங்கிய பரிவர்த்தனை 10.05-க்கு முடிகிறது என்று கொள்வோம். இடையில் 10.03-க்கு நகல் வந்து கேட்கிறது. முடியாத பரிவர்த்தனையின் வரிசை கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டு, 10.03 வரை பார்த்தாயிற்று என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறது. 10.05-க்கு அந்த வரிசை 10.00 என்ற முத்திரையோடு வெளியே வருகிறது. அடுத்த முறை நகல் 10.03-க்குப் பிந்தியவற்றை மட்டுமே கேட்கும். அந்த வரிசையில் மறுபடி யாரும் கைவைக்காதவரை அது நகலுக்கு வராது. பிழைச் செய்தியும் வராது. மாதக் கடைசியில் கூட்டுத்தொகை உதைக்கும்போது ஊழியர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தேடுவார்கள். சிக்கனம் என்று இதைத்தான் சொல்கிறாரா?

மூன்றாவது, அதே நொடி என்ற வாதம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் நாம் எதுவும் மாற்றாவிட்டால் ரெப்ளிகேஷன் ஒத்திசைவில்லாதது. மூலம் தன் டிஸ்க்கில் எழுதிவிட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிவிடும். நகலுக்குப் போனதா இல்லையா என்று காத்திருக்காது. பதில் சொன்னதற்கும் நகலில் ஏறியதற்கும் நடுவில் மூலம் இறந்தால், வாடிக்கையாளருக்கு வெற்றி என்று சொல்லப்பட்ட தரவு நகலில் இருக்காது.

சரி, நகல் வாங்கிக்கொள்ளும்வரை மூலத்தைக் காத்திருக்கச் சொல்லலாமே என்பார். சொல்லலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. நகல் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 10 மில்லிநொடி, வேறெந்தத் தாமதமும் இல்லாதபோதே. ஒரே கணக்கு வரிசையை ஒருவர் மாற்றி முடித்த பிறகே அடுத்தவர் மாற்ற முடியும் என்ற இடத்தில், நொடிக்கு 100 மாற்றங்களைத் தாண்ட வழியே இல்லை. எந்த விற்பனையாளரும் ஒளியின் வேகத்தில் தள்ளுபடி தருவதில்லை. காத்திருக்கும்படி அமைத்த ஒரே நகலும் விழுந்துவிட்டால், போஸ்ட்கிரெஸ்ஸில் மூலத்தின் எழுத்துகள் முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் வாதத்தில் சுமையே இல்லை என்று சொன்னவர், மூன்றாவது வாதத்தைக் காப்பாற்ற மூலத்தை வாசலில் நிற்கவைக்க வேண்டியிருக்கிறது. இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் அவர் வைத்துக்கொள்ளலாம்.

நகல் எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்று மானிட்டர் காட்டுமே, அதில் பூஜ்யம்தானே இருக்கிறது என்றும் கேட்கக்கூடும். மைஎஸ்க்யூஎல் காட்டும் அந்த எண், நகலுக்கு வந்து சேர்ந்தவற்றில் எவ்வளவு செய்து முடிக்கவில்லை என்பதைத்தான் அளக்கிறது. நெட்வொர்க் மந்தமாகி மாற்றங்கள் வந்தே சேரவில்லையென்றால், வந்ததையெல்லாம் முடித்துவிட்டேன் என்று அது பூஜ்யம் காட்டும்.

இந்த இடைவெளி ஏட்டில் மட்டும் இருக்கிற ஆபத்தா? 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில், பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்த நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே தொடர்பு 43 நொடி அறுந்தது. தானியங்கி மென்பொருள் தன் கடமையைச் செய்தது: மேற்குக் கரையிலிருந்த மைஎஸ்க்யூஎல் நகல்களை மூலமாக உயர்த்தியது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில நொடித் தரவு மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலும் புது எழுத்துகள் விழத் தொடங்கிவிட்டன. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத தரவு. எதை மூலம் என்று வைத்தாலும் மற்றது தொலையும். அவர்களுடைய பரபரப்பான தொகுதிகளில் ஒன்றில் மட்டும் அப்படிச் சிக்கிய எழுத்துகள் 954. அந்த 43 நொடிக்கு அவர்கள் கொடுத்த விலை 24 மணி 11 நிமிடம் தடுமாறிய சேவை. அந்த நேரத்தில் அவர்கள் எதை எடுத்து மீண்டும் எழுந்தார்கள்? கிழக்குக் கரைத் தரவுத்தளங்களை பேக்கப்பிலிருந்து மீட்டுத்தான் நகலாக்கத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். நான்கு மணி நேரத்துக்கொருமுறை பேக்கப் எடுத்து வைத்திருந்தார்கள். பழைய காலத்துச் சடங்கு.

இனி நான்காவது வாதம், பேக்கப் வேண்டாம் என்பது. ரெப்ளிகேஷனுக்கு நல்லது கெட்டது தெரியாது. லாக்கில் வந்ததைச் செய்யும், அவ்வளவுதான். நிபந்தனை எழுத மறந்து ஒருவர் அட்டவணை முழுவதையும் நீக்கச் சொன்னால், மூலம் நீக்கும். லாக் அதை விசுவாசமாகப் பதியும். மென்பொருள் அதைவிட விசுவாசமாக நகலிலும் நீக்கும். செயலியில் பிழை இருந்து எல்லார் இருப்புத் தொகையும் தப்பாகத் திருத்தப்பட்டால், நகலிலும் அதே தப்பு, அதே வரிசையில் ஏறும். கட்டுரையாளர் மெச்சும் வேகம் இங்கே எதிரி. நகல் எவ்வளவு வேகமோ அவ்வளவு சீக்கிரம் கடைசி நல்ல பிரதியும் கெடும். டிஸ்க் சாவதற்கும் சர்வர் எரிவதற்கும் நகல் மருந்துதான். கைத்தவறுக்கும் செயலிப் பிழைக்கும் உள்ளே புகுந்தவரின் நாச வேலைக்கும் அது மருந்தில்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே பொதுவில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். மூலம் ஒன்று, நகல் ஒன்று. மூலத்தில் சுமை எகிறியதால் நகல் பின்தங்கியது. அது கேட்ட லாக் துண்டுகளை மூலம் அதற்குள் அழித்துவிட்டிருந்தது. நகலை முதலிலிருந்து கட்டியாக வேண்டும் என்பதால் நகலின் தரவைத் துடைத்தார்கள். முழுப் படி எடுக்கும் கருவி ஒன்றும் சொல்லாமல் உறைந்து நின்றது. மிச்சமிருக்கும் கோப்புகள்தான் இடைஞ்சல் என்று நினைத்து, இரவு 11 மணி வாக்கில் ஒரு பொறியாளர் நகலின் தரவு அடைவை நீக்குவதாக எண்ணி மூலத்தின் அடைவை நீக்கினார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். 300 ஜிபி அளவுக்கு இருந்ததில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. மூலம் போயிற்று. நகல் ஏற்கெனவே காலி.

அங்கே பேக்கப்பும்தானே கைவிட்டது என்று கட்டுரையாளர் துள்ளிக் குதிக்கக்கூடும். உண்மைதான், கைவிட்டது. 9.6 பதிப்புத் தரவுத்தளத்தை 9.2 பதிப்புக் கருவி படிக்க முயன்று தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆனால் கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது எது? சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒரு பொறியாளர் கையால் எடுத்து வைத்த டிஸ்க் ஸ்னாப்ஷாட். அதைக் காப்பாற்றிய குணம் ஒன்றே ஒன்று: எடுத்த கணத்தோடு அது மூலத்தைப் பின்தொடர்வதை நிறுத்திவிட்டது. பின்தொடராததால்தான் மூலம் அழிந்தபோது அது அழியவில்லை. நகலுக்கு இல்லாத குணம் அதுதான். அந்த ஆறு மணி நேரத்தில் எழுதப்பட்டவை திரும்பி வரவில்லை. சுமார் 5,000 ப்ராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள். பேக்கப் தோற்ற கதையிலிருந்து பேக்கப்பே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது, எடுத்த பேக்கப்பைச் சோதித்துப் பார் என்ற பாடத்தைத் தலைகீழாகப் படிப்பது.

தாமதமாகத் தொடரும் நகல் இருக்கிறதே என்று ஒரு கடைசி வாசலையும் அவர் தேடலாம். மைஎஸ்க்யூஎல்லில் 5.6 முதலும் போஸ்ட்கிரெஸ்ஸில் 9.4 முதலும், மூலத்துக்கு ஒரு மணி நேரமோ எட்டு மணி நேரமோ பின்னால் நடக்கும்படி நகலை அமைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு மணி நேரத் தாமதம் வைத்து, தவறை மூன்று மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தால் அந்த நகலும் கெட்டுப்போயிருக்கும். போன மாதம் கெட்ட தரவை இந்த மாதம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு அது உதவாது. அதோடு, வேண்டுமென்றே நகலைப் பிந்தச் செய்வது அதே நொடி என்ற அவருடைய மூன்றாவது வாதத்தைக் கைவிடுவதும் ஆகும்.

ரெப்ளிகேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சர்வர் இறந்தால் சில நிமிடங்களில் அதன் இடத்தில் இன்னொன்றை நிற்கவைக்க வேறு நல்ல வழியில்லை. அறிக்கைகளின் சுமையை மூலத்திலிருந்து இறக்கி நகலின்மேல் வைக்கலாம். பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கடையை மூடாமல் குடிபெயரலாம். இவற்றுக்காக அதை வாங்குங்கள். வாங்கும்போது விற்பனையாளரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். நகல் இரண்டு நாள் நின்றால் மூலத்தின் டிஸ்க் தாங்குமா? லாக்கில் விழாத மாற்றங்கள் எவை? பின்தங்கலை எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள்? மூலமும் நகலும் வரிசைக்கு வரிசை ஒத்திருக்கின்றனவா என்று எப்படிச் சரிபார்ப்பீர்கள்? பதில் சொல்லத் திணறினால் காசோலைப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

பேக்கப்பைத் தனியாக எடுங்கள். மூலத்தில் கைவைக்கக்கூடியவரின் கை எட்டாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது அதைக் காலி சர்வரில் ஏற்றி, உண்மையிலேயே எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். நகல் வன்பொருள் சாவுக்கு, பேக்கப் மனிதத் தவறுக்கு. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று எழுதுகிறவர், தொலைந்த தரவை ஒருநாளும் உங்களுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.